சீட்டை இறக்க வந்த ஜோடி

“பெரிய ஊசியை எங்கடி வச்சே?”

“வச்ச இடத்துலதான் இருக்கு. தேடற கண்ணு உங்களுதுதானே?”

பைக் சீட் தைக்கும் அந்தக் கடையில் காலை இப்படித்தான் விடியும். கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார். மனைவி கூட்டுவாள். அவர் கத்தி தீட்டுவார். அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவாள். நடுவில் ஒரு சண்டை நடக்கும். பிறகு வேலை ஆரம்பிக்கும்.

அன்றைக்குச் சண்டை முடிவதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நல்ல உயரம். பின்னாலிருந்து இறங்கிய அவர் மனைவி அவருடைய தோளுக்குக்கூட இல்லை. முழங்கையில் பிளாஸ்திரி.

“சீட்டை இறக்கணும். இவங்களுக்குக் கால் தரையில எட்டணும்” என்றார் கணவர்.

“போன வாரம் சிக்னல்ல நிறுத்தினேன். கால் எட்டலை. வண்டியோட சாய்ஞ்சுட்டேன்” என்றாள் அவள். “நாளைக்குக் காலைல இதைத்தான் ஓட்டிட்டுப் போகணும். மெயின் ரோடு, பின்னாடியே லாரி வரும். மறுபடி சாய்ஞ்சா முழங்கையோட போகாது. இன்னிக்கே முடிச்சுக் குடுங்கண்ணே.”

“நாளைக்கு ஒரு நாள் சார் கொண்டுபோய் விடக் கூடாதாம்மா?”

“அவரும் அங்கதான் வரார். வேற வண்டியில.”

கடைக்காரருக்குப் புல்லரித்தது. போகிற இடம் ஒன்று, வண்டி இரண்டு! பெண்டாட்டி தனியாக ஓட்டிப் பழகட்டும் என்று விட்டுக்கொடுக்கிற மனுஷன். அவருக்குச் சீட் தைப்பது தொழில். வருகிற ஜோடிகளை எடை போடுவது உபதொழில். வண்டியிலிருந்து இறங்கும்போதே குடும்பத்தைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை.

சீட்டை இறக்க வருகிறவர்கள் பொதுவாக இங்கே வந்துதான் அடித்துக்கொள்வார்கள். “நீ ஹீல்ஸ் போட்டுக்கோ” என்பான் கணவன். “ஒட்டகம் மாதிரி வண்டியை யார் வாங்கச் சொன்னது?” என்பாள் மனைவி. இவர்கள் அப்படி இல்லை. இவர் அவளை ‘இவங்க’ என்கிறார்!

கடைக்காரர் அவளை வண்டியில் உட்காரவைத்து, இரண்டு செருப்புக்கு அடியிலும் பழைய பேப்பரைச் செருகினார். பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

“கால் சரியா ஊணியிருந்தா இது கிழியணும். இப்படி வரக் கூடாது. ஃபோமைச் சீவினா மட்டும் போதாதும்மா, தொடைப் பக்கம் அகலத்தையும் குறைக்கணும்.” கணவர் பக்கம் திரும்பினார். “சார், முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் நீங்க ஓட்டினா முட்டி தாடையை இடிக்கும்.”

“பரவாயில்லை.”

“ஃபோம் மெலிசாயிடும். தூரமாப் போனா இடுப்பு கழண்டுடும்.”

“பரவாயில்லைங்க. இவங்களுக்குச் சரியா இருந்தாப் போதும்.”

கடைக்காரர் கத்தியை நிறுத்தித் தன் மனைவியைப் பார்த்தார். “கேட்டியா?”

“கேட்டுச்சு. போன கோடையில நான் ஒரு ஃபேன் கேட்டேனே, அதுவும் ஞாபகம் வந்துச்சு.”

அவர் அவசரமாக வாடிக்கையாளர் பக்கம் திரும்பினார். “பின் சீட்டை என்ன பண்ணலாம்? முன்னாடி பள்ளமானா பின்னாடி மேடா நிக்கும். பிரேக் போட்டீங்கன்னா சார் சறுக்கிட்டு வந்து உங்க மேலதான் விழுவார்.”

சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

“பின் சீட்டைத் தொட வேண்டாம்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அடடா, என்ன பொருத்தம்!

“மேல் ரெக்ஸின் கறுப்பா, பிரவுனா?”

“உங்க இஷ்டம்” என்றார் கணவர் அவளிடம்.

“இல்லை, உங்களுக்கு எது தோணுதோ சொல்லுங்க.”

“நீங்கதானே ஓட்டப் போறீங்க? நீங்களே சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போன பெண்கள் உண்டு. கடைக்காரர் மிஷின் பக்கம் குனிந்தார். “எப்படிப் பேசிக்கறாங்க பார். கத்துக்கோ.”

“ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துப் படுக்கைக்காரங்க மாதிரி பேசிக்கறாங்க” என்றாள் அவர் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

“பொறாமை.”

“ஆமா. ரெக்ஸினை நேராப் பிடிங்க, கோணிட்டுப் போகுது.”

மதியத்துக்குள் சீட் ஏறிவிட்டது. அவள் உட்கார்ந்தாள். பேப்பரைச் செருகி இழுத்தார். இரண்டு பக்கமும் சர்ரென்று கிழிந்தது. அவள் வண்டியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். கால் அசையவில்லை. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

கணவர் தன் சாவிக் கொத்திலிருந்து பைக் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் பஸ்ல போயிக்கறேன்.”

“தேங்க்ஸ்.”

“மெதுவாப் போங்க.”

அவர் தெருமுனை வரை நடந்து மறைவதையே கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டிக்காகச் சீட்டைக் குறைத்து, இடுப்பைப் பணயம் வைத்து, கடைசியில் பஸ்ஸில் போகிற மனுஷன்! அவள் பக்கம் திரும்பினார்.

“எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம்மா. இவரை மாதிரி ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தா சொல்லுங்க. கண்ணை மூடிட்டுக் குடுத்துடறேன்.”

அவள் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

“எதுக்குண்ணே வேற ஆள்? இவரையே கேளுங்க. நாளைக்குக் காலைல கோர்ட்டுல எங்க விவாகரத்து. மத்தியானத்துக்கு மேல ஃப்ரீயாத்தான் இருப்பார்.”