ஆலை வாசலில் ஒரு பாட்டில்

நிகராகுவாவில் அந்த ஆலைக்காரர்கள் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் கரும்பு வெட்ட ஆள் எடுப்பார்கள். கிட்னி கெட்டவனுக்கு வேலை கிடையாது. வரிசையில் நின்றவர்கள் மாதாவை வேண்டிக்கொண்டிருக்க, எலியூதேரியோ மட்டும் சீட்டியடித்துக்கொண்டே பாட்டிலை நீட்டினான்.

நர்ஸ் சோதனை அட்டையை முக்கி எடுத்தாள். முகம் மாறியது.

"புரதம், ரத்தம் எல்லாம் போகுதுண்ணே. கிட்னி ரொம்பக் கெட்டிருக்கு. வேலை இல்ல."

"நல்லாப் பாரும்மா. அட்டை பழசா இருக்கும்."

வேறொன்றை முக்கினாள். அதே நிறம்.

"வேலை கெடக்கட்டும். இதுக்கு வைத்தியம் எங்க பண்றாங்க?"

"டயாலிசிஸ்தான். பட்டணத்துல எடம் கெடைச்சாப் பண்ணலாம். கரும்பு வெட்டுறவங்க எல்லாருக்கும் வர்றதுதானே, மனச விட்டுடாதீங்கண்ணே."

வைத்தியத்துக்குப் பட்டணம் போன கூட்டாளிகள் அத்தனை பேரையும் அவன்தான் தோள்கொடுத்துப் புதைத்திருந்தான்.

வீட்டில், கரும்புக்காட்டில் கால்கூட வைத்திராத மகள் யோர்லேனி, மறுநாள் அவன் வேலைக்குக் கொண்டுபோகச் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, உனக்குப் பதிலா நான் புடிச்சுக் குடுத்தது பாஸாயிடுச்சா?"