சோதனைக்குப் போன தண்ணீர்

கோச்சடை அடுக்ககத்தின் செயலாளர் ஜனகராஜ், ஆய்வகம் அனுப்பிய தாளைக் கண்ணுச்சாமியின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“தண்ணியில மலக்கிருமியாம்! சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தப் பாத்துக்கிறதுக்குத்தான உன்னைய வச்சிருக்கோம்? இன்னையோட நின்னுக்க.”

ஆறு வருடமாக அந்த வீடுகளின் சாக்கடையோடு குடித்தனம் நடத்திய கண்ணுச்சாமி தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

“சார், தொட்டிக்குள்ள கெடந்து சாக்கடையக் கலக்கிக் காத்தேத்துற மோட்டாருதான் தண்ணியச் சுத்தமாக்கும். கரண்டு தின்னுதுன்னு நீங்கதான நிப்பாட்டச் சொன்னீங்க?”

“சோதனைக்குத் தண்ணி எடுக்க அதிகாரி வர்ற அன்னைக்காவது போட்டிருக்கலாம்ல?”

“போட்டேன். துருவேறி அசையவே இல்ல. நாத்தம் தாங்காம அந்தாளு காரைவிட்டே எறங்கல. கண்ணாடிய நாலு விரல்கடை எறக்கி, பாட்டிலை நீட்டி, ‘நீயே புடிச்சிட்டு வாய்யா’ன்னுட்டாரு.”

ஜனகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “இம்புட்டு நல்ல வாய்ப்பு கெடைச்சும் விட்டுட்டியே! வேற எங்கயாச்சும் நல்ல தண்ணியாப் பாத்துப் புடிச்சுக் குடுத்திருக்க வேணாமா? மூளை இருக்கா?”

“வேலை போயிருமேன்னு அதத்தான் சார் செஞ்சேன். தொட்டிப் பக்கமே போகல.”

“பெறகு?”

“நேரா ஒங்க வீட்டுக்குப் போனேன். அம்மாதான் அடுப்படிக் குழாயில புடிச்சுக் குடுத்தாங்க.”

ஜனகராஜ் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.