கூரியரில் மட்டும் அனுப்பவும்

"என்ன சார், வியாபாரம் ஓகோன்னு போவுது போல. மறுபடியும் ஓசூரா?" கூரியர் கடை அம்பிகா பார்சலைத் தராசில் வைத்துக்கொண்டே கேட்டாள். "சாதாவுல போடட்டுமா, எக்ஸ்பிரஸ்லயா?"

"எதுல போட்டாலும் சேலத்துக்குத்தானே கொண்டு போவீங்க?" பச்சியப்பன் எரிந்து விழுந்தார். "காரிமங்கலத்துலருந்து ஓசூரு வடக்கால இருக்குது. பார்சல் தெக்கால போவுது. எந்த ஊரு நியாயம்மா இது?"

"மெயின் ஆபீஸ் அங்கதான் சார் இருக்குது. எல்லாம் அங்க போய்த்தான் பிரிஞ்சு வரும்."

பச்சியப்பன் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிருஷ்ணகிரியில் இறங்கி மாறினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஓசூரில் இருக்கலாம். அந்த ஊருக்குத்தான் போன தடவை எக்ஸ்பிரஸ் என்று கூடுதல் காசு கொடுத்து அனுப்பினார். அதுவும் சாதா பார்சலோடு சேர்ந்து ஊர் சுற்றிவிட்டு, மழையில் ஓரம் நனைந்துதான் போய்ச் சேர்ந்தது.

அவர் பழைய புடவைகளை விற்றுவந்த போன் ஆப்பில் மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. நேரில் கொடுப்பது. சுசித்ரா என்ற பெயரில் வாங்குகிறவளிடம் அதற்காகத் தலைபாடாக அடித்துக்கொண்டார். 'ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் அம்மா' என்று எழுதினார்.

'வேண்டாம். கூரியரில் மட்டும் அனுப்பவும்' என்று பதில் வந்தது. போன் செய்தால் எடுப்பதே இல்லை. எல்லாம் எழுத்தோடு சரி. விலாசம்கூட வீட்டு விலாசம் இல்லை, ஏதோ கம்பெனி கேட்.

அதோடு விட்டாளா? 'துவைக்க வேண்டாம். இஸ்திரி போட வேண்டாம். இருக்கிறபடியே மடித்து அனுப்பவும்.' என்ன அவசரமோ, என்ன அலட்சியமோ! புடவையின் அருமை தெரிந்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தனையும் அவர் மனைவி சென்னம்மாள் கட்டிய புடவைகள். தை மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து, பீரோவைத் திறந்த கையோடு மூடிவிடுவார். உள்ளூரில் யாருக்காவது கொடுக்கலாம் என்றால், அந்தப் புடவை நாளைக்குச் சந்தையில் அவருக்கு முன்னால் நடந்து போகும். முதுகைப் பார்த்துவிட்டு, அவள்தான் என்று ஒரு நொடி நம்பித் தொலைய வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் தூரத்து ஊர்களுக்கு விற்கத் துணிந்தார்.

"யாருக்குச் சேரணுமோ அவளுக்குக் குடுத்துடேன்டா" என்று அக்கா குள்ளம்மாள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பிடி எனக்கு யாரும் இல்ல" என்று அவர் போட்ட சத்தத்தில், அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தூரத்து ஊர்கள் என்று அவர் நினைத்ததுதான் மிச்சம். படம் போட்ட சூட்டோடு சுசித்ராவே வாங்கிவிடுவாள். வேறு யாருக்கும் ஒரு புடவைகூடப் போகவில்லை. இன்றைக்குக் கையில் இருப்பது, சென்னம்மாள் தீர்த்தமலைக் கோயிலுக்கு ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த அரக்குப் புடவை.

"ஒரே ஆளு இத்தினி புடவை வாங்குதுன்னா கடை வெச்சிருக்கும் சார்" என்றாள் அம்பிகா, ரசீதைக் கிழித்தபடி. "பழைய புடவைக்கு இப்ப நல்ல கிராக்கி. வெட்டிப் பின்னி மிதியடியா வித்துருவாங்க."

பச்சியப்பனுக்குச் சுரீரென்றது. சென்னம்மாளின் புடவையில் எவனோ வந்து காலைத் துடைப்பதா?

"பார்சல இப்பிடிக் குடு."

"சார், ரசீது போட்டுட்டேனே!"

"கிழிச்சுப் போடும்மா. என் போன்ல பண்ணுனா எடுக்க மாட்டா. உன் கடை போன்லருந்து அவளுக்குப் போடு. நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

பார்சல் மேலிருந்த நம்பரைப் பார்த்து அம்பிகா போட்டுக் கொடுத்தாள். முதல் மணியிலேயே சுசித்ரா எடுத்துவிட்டாள். கூரியர்காரன் கூப்பிட்டால் மட்டும் உடனே எடுக்கத் தெரிகிறதே! அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது அவருக்கு.

"ஏம்மா, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்குதா? மிதியடி தைக்கிறதுக்கா என் பொண்டாட்டி புடவைய வாங்குறே? ஒவ்வொண்ணையும் அவ எப்பிடி வெச்சிருந்தா தெரியுமா? ஒரு கறை பட்டா அன்னிக்குப் பூரா மொணகிக்கிட்டே இருப்பா. தெரியாத்தனமா உன்கிட்ட வித்துட்டேன்."

கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் அவர் விடவில்லை.

"இனிமே ஒரு நூலுகூட உனக்குக் கிடையாது. வாங்கின காச மொத்தமா வீசிடறேன், எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரு. கூரியரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நானே பஸ் ஏறி வர்றேன். உன் வூடு எங்க இருக்குது, அத மட்டும் சொல்லு!"

மறுமுனையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

"உன்னத்தான் கேக்கறேன். காதுல விழுவுதா, இல்லியா?"

அந்தப் பக்கமிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது.

"அப்பா... சாப்ட்டியா?"