எம்பும் நேரம்

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த செல்வினுக்கு, மருத்துவமனையே போனில் ஒரு நண்பரை ஏற்பாடு செய்திருந்தது. பெயர் தேவசகாயம். அவரும் ஒன்பது வருஷமாகச் சக்கர நாற்காலியில்தானாம். மூத்திரப் பையிலிருந்து மாமியார் வீட்டு முணுமுணுப்பு வரை எல்லாம் அவரிடம் சொல்லியாயிற்று.

மூன்றாம் மாதம் செல்வினுக்கு ஒன்று உறைத்தது. உட்கார்ந்தே இருப்பதால் புண் வராமலிருக்க இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அவன் பேச்சை நிறுத்தி, கைகளை ஊன்றி, ஒரு முனகலோடு எம்பி உட்கார்வான். மணிக்கணக்கில் பேசும் அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

"அண்ணே, நீங்க எம்பவே மாட்டியளா? மனுசந்தான?"

அவர் பேச்சை மாற்றினார்.

மறுநாள் பாதிப் பேச்சில், "இருடே, ஒருக்கா எம்பிக்கிடுதேன்" என்றார். கூடவே ஒரு முனகல்.

நேற்று செல்வின் முனகிய அதே முனகல், பதிவு செய்து திரும்ப ஓட்டியதுபோல அச்சு அசலாக.

அவனும் கைகளை ஊன்றி, கூடவே எம்பினான்.