உறுப்பினர் அமரவும்

நான் வீசிய நிகழ்ச்சி நிரல் சபாநாயகரின் தண்ணீர் டம்ளரில் பட்டு, டம்ளர் கவிழ்ந்தது.

அப்பாடா என்றிருந்தது. இதற்கு மேலும் என்னைச் சும்மா விடமாட்டார்.

அவர் நனைந்த சட்டைக் கையை உதறிக்கொண்டார். "மாண்புமிகு உறுப்பினர் அமரவும்."

அவ்வளவுதான்.

போன வாரம் எதிர்க்கட்சி அம்மா ஒருவர் மேஜையைத் தட்டியதற்கே நாள் முழுக்க அவரை வெளியே நிறுத்திய மனிதர் இவர். இன்றைக்கு என்னவோ சாந்தமே உருவாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வெளியே போயாக வேண்டும். நானாகப் போனால் பதவி போய்விடும். அவராகத் தள்ளினால் போகாது.

இரங்கல் தீர்மானம் முடிந்துவிட்டது. கேள்வி நேரமும் முடியப்போகிறது. அடுத்தது அணை மசோதா. அது நிறைவேறினால் நான் பிறந்த ஊர் தண்ணீருக்குள் போய்விடும். கொண்டுவருவது என் கட்சி. எழுந்து நின்று ஆதரிக்காதவன், சபைக்கு வராதவன், நடுவில் நழுவுகிறவன் எல்லோருக்கும் பதவி காலி என்று கொறடா உத்தரவு போட்டிருந்தார். போன முறை காய்ச்சலில் கிடந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்த ஆள் அவர்.

அக்கா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். வீட்டைவிட்டு அசைய மாட்டாளாம். காலையில் போன் செய்தாள்.

"நீ மட்டும் அதுக்கு எழுந்து நின்னேன்னு வை, எனக்குத் தம்பியே இல்லைன்னு தலை முழுகிடுவேன்."

சொன்னால் செய்வாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்குப் பதவியும் வேண்டும், அக்காவும் வேண்டும். சபாநாயகர் என்னைத் துரத்திவிட்டால் இரண்டும் மிஞ்சும். கேவலமான யோசனைதான். வேறு யோசனை வரவில்லை.

அவரைத் தலையாட்டிப் பொம்மை என்று கத்தினேன்.

"அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. உறுப்பினர் அமரவும்."

முதுகெலும்பில்லாத ஜென்மம் என்றேன். அதையும் நீக்கினார். சபைச் செயலாளரின் மைக்கைப் பிடுங்கி எறிந்தேன். வாசலில் நின்ற காவலர்கள் இரண்டு பேர் என் பக்கம் ஓடிவந்தார்கள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சபாநாயகர் ஒரு விரலைத் தூக்கி அவர்களை நிறுத்திவிட்டார்.

என் கட்சிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் ஒரே குஷி.

படியேறி அவர் நாற்காலிக்கே போய்விட்டேன். முகத்துக்கு நேராக நின்றேன். அவர் நிதானமாகத் தன் மைக்கை அணைத்தார். குனிந்தார்.

"நீ தலைகீழா நின்னாலும் வெளிய அனுப்ப மாட்டேன்டா. நீ போய், ஓட்டு சமமாகி, கடைசியில என் தலையில விடியறதுக்கா? உங்க அக்கா காலையில எனக்கும்தான் போன் பண்ணினா. ஆதரிச்சு ஓட்டுப் போட்டா வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டா. எதிர்த்துப் போட்டா இந்த நாற்காலி போயிடும்."

அவர் என் அத்தான், அக்கா புருஷன். அந்த நாற்காலி எனக்கு வர வேண்டியது. கட்சித் தலைவர் காதில் ஏதோ ஓதி அதை அவர் தட்டிக்கொண்டு போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பேசினால் சபையில்தான், அதுவும் மாண்புமிகு போட்டுத்தான்.

அவர் சொன்ன கணக்கு சரி. சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது, இரண்டு பக்கமும் சமமானால் தவிர. எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் கூடுதல். நான் வெளியே போனால் சமம்.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டார்கள். கொறடா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார வைத்தார்.

மேலே அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரை மூழ்கடித்த பழி எனக்கு. அக்கா கையால் சாப்பாடு அவருக்கு. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

என் வரிசை முழுக்க எழுந்தது. நான் எழவில்லை. கொறடா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் பதவி அந்த நொடியில் போய்விட்டது. போகட்டும் என்று இருந்தேன்.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

எதிர் வரிசை முழுக்க எழுந்தது. நான் அதற்கும் எழவில்லை. காலையிலிருந்து அவர் சொன்னபடியே அமர்ந்திருந்தேன்.

செயலாளர் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பிறகு படியேறிப் போய் சபாநாயகரின் காதில் சொன்னார்.

அத்தான் முகம் வெளிறியது. கை தானாகத் தண்ணீர் டம்ளருக்குப் போனது. எடுத்து வாயருகே கொண்டுபோன பிறகுதான் அது காலி என்று தெரிந்தது. சபை மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"எப்படியும் பதவி போகுதுன்னு ஆயிடுச்சு. எதிர்த்தே எழுந்து நின்னிருந்தா உங்க ஊராவது தப்பிச்சிருக்குமேண்ணே?"

அவர் கேட்கிற வரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

சடாரென்று எழுந்தேன்.

அத்தான் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உறுப்பினர் அமரவும்," என்றார்.