மடித்த மூலை

ஒரு நாட்டின் விடுதலைப் பிரகடனத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய நகல் அது. சேகரிப்பாளரின் மேசைக்கு வந்ததும் கீழ் மூலையை உள்ளே மடித்துக்கொண்டது.

"அங்கே என்னடா ஒளிக்கிறே?" என்றது பூதக்கண்ணாடி.

"செதுக்கினவன் பேர் இருக்கு அண்ணே. பார்த்தா நகல்னு தெரிஞ்சிடும். பழைய பேப்பர்க் கடைக்கே திருப்பி அனுப்பிடுவார்."

"அசல் அரண்மனைப் பெட்டகத்துல தூங்குது. அது இங்கே வரும்னு நினைக்க அவர் என்ன பைத்தியமா?"

"கையெழுத்து, மை சிந்தின இடம் எல்லாம் அப்படியே இருக்கு. நான் அசல்தான். நீ வாயை மூடு."

சேகரிப்பாளர் வந்தார். கையெழுத்துகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே தேடினார்.

"செதுக்கினவன் பேரைக் காணோமே. எவனோ போன வாரம் அடிச்ச போலி" என்று குப்பைக்கூடையை இழுத்தார்.

நகல் பதறிப்போய் மூலையை விரித்தது.

அவர் பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். "அட, இவன் வேலையைத்தானே இத்தனை நாளாத் தேடினேன்!" காப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் ஃபிரேம் எடுக்க உள்ளே ஓடினார்.

"இப்ப என்ன சொல்றே?" என்றது பூதக்கண்ணாடி.

"கொஞ்சம் தள்ளிக்க அண்ணே. பேர் மேல உன் நிழல் விழுது."