தேறாத கல்

சுரங்கத்தில் இரும்புக்கல்லை வெட்டி, அரைத்து, தேறியதை லாரியில் ஏற்றி விற்றார்கள். தேறாததையெல்லாம் ஒரு பொக்லைன் ஓரமாகக் கொட்டிக்கொண்டே வந்தது. அது பெரிய மேடாயிற்று.

"என்னை ஏன் ஒதுக்கிட்டாங்க?" என்று மேடு தினமும் புலம்பியது. அப்புறம் புலம்பவும் அலுத்துப்போனது. நாலு மழை பெய்ததில் அதன் மேல் ஆவாரஞ்செடி முளைத்தது. செடியடியில் ஒரு கௌதாரி முட்டையிட்டது. மேட்டுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஒரு நாள் காலையில் அதே பொக்லைன், கிழடு தட்டி, முனகிக்கொண்டே மேலேறி வந்தது.

"என்னண்ணே, இன்னும் கொட்டணுமா?" என்று கேட்டது மேடு.

"இல்லப்பா, அள்ளணும். இரும்பு விலை ஏறிப்போச்சாம். உன்கிட்ட இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அரைச்சு எடுக்கப்போறாங்க. இனிமே நீ கழிவு இல்ல."

ஒரு காலத்தில் மேடு கேட்க ஏங்கிய வார்த்தைதான். இப்போது சந்தோஷமே வரவில்லை.

"அப்போ இந்தச் செடி, இந்த முட்டையெல்லாம்?"

 பொக்லைன் தன் துருப்பிடித்த கையை மெதுவாக இறக்கியது.

"அதைத்தாம்ப்பா ஓரமாக் கொட்டச் சொல்லியிருக்காங்க."